எட்டாவது காளவாய்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவுக்குத் தன் அரண்மனை நிலவைவிட வெள்ளையாக இருக்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. ராஜாவுக்கு ஆசை வந்தால் யாருக்காவது இருமல் வரத்தானே செய்யும்? அந்த ஊரில் அது ஆற்றுத்தெருவுக்கு வந்தது. சுண்ணாம்பு சுடும் காளவாய்கள் ஏழும் அங்கேதான் புகைந்தன. மந்திரி மார்த்தாண்டர் எட்டாவதையும் கட்டி முடித்து, அனுமதிக்குக் காத்திருந்தார்.

"தெரு தாங்காது, அரசே" என்றான் விகடகவி காத்தமுத்து. அவன் அக்கா அஞ்சலை அந்தத் தெருவில்தான் குடியிருந்தாள்.

அவன்மேல் நெடுநாளாகப் பொருமிக்கொண்டிருந்த மந்திரி சிரித்தார். "ஒரு காளவாய்ப் புகை என்ன செய்துவிடும்? எட்டாவதன் புகையை மட்டும் இவரே சோதித்துச் சொல்லட்டும். பொய் சொன்னால் தலை போகட்டும்."

ராஜாவும் அப்படியே ஓலை எழுதி முத்திரை வைத்துவிட்டார்.

ஒன்றின் புகை கொஞ்சம்தான், அது உண்மை. உண்மையைச் சொன்னால் தெரு போச்சு, பொய் சொன்னால் தலை போச்சு. காத்தமுத்து அக்கா வீட்டுக்கு ஓடினான். அவள் மடியில் கைக்குழந்தை மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தது.

"இன்னொண்ணு வந்தா இவ பொழைக்க மாட்டாடா, தம்பி" என்றாள் அஞ்சலை.

அவன் ஓலையை மறுபடியும் படித்தான். பிறகு விறுவிறுவென்று போய், காளவாய்க்காரர்களிடம் அதைக் காட்டி, ஏழு காளவாய்களையும் அணைக்கச் சொல்லிவிட்டு, எட்டாவதை மட்டும் மூட்டச் சொன்னான்.

மூன்றாம் நாள் சுண்ணாம்பு வராமல் பூச்சு வேலை நின்றது. ராஜா மந்திரியோடு கோபமாக வந்து இறங்கினார்.

"யார் அணைக்கச் சொன்னது?"

"தாங்கள்தான், அரசே. எட்டாவதன் புகையை மட்டும் சோதிக்கச் சொன்னீர்கள். மற்றவையும் புகைந்தால் என் மூக்கு எப்படிப் பிரித்தறியும்?" காத்தமுத்து ஓலையை நீட்டினான். "சோதித்துவிட்டேன். இது மட்டும் என்றால் தீங்கில்லை."

மந்திரியின் முகம் மலர்ந்தது. "பிறகென்ன? எல்லாவற்றையும் மூட்டுங்கள்!"

"ஒவ்வொன்றாக மூட்டுவோம், ஐயா. இருவரும் இங்கேயே நின்று பார்க்க வேண்டும்."

மூன்றாவது புகைந்தபோது ராஜா கண்ணைத் துடைத்தார். நான்காவதில் இருமினார். ஐந்தாவதில் மந்திரி மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"போதும்! செத்தேன்! அணையுங்கள்!"

"ஐந்துதானே ஆயிற்று, ஐயா? தனித்தனியாகப் பார்த்தால் கொஞ்சம் புகைதான். இன்னும் மூன்று பாக்கி."

இருமலுக்கு நடுவே ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். "இனிமேல் புதிதாக ஒன்று கேட்பவர், ஏற்கெனவே புகைவதையும் சேர்த்துச் சோதித்துக் காட்ட வேண்டும். இந்தத் தெருவுக்கு இரண்டு போதும். என் அரண்மனை பாதி வெள்ளையாகவே இருந்துவிட்டுப் போகட்டும்!" முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார்.

கழுத்து இருந்ததே காத்தமுத்துவுக்குப் பெரிய பரிசு. புகை அடங்கியதும் அக்கா வீட்டு வாசலில் போய் நின்று காது கொடுத்தான். குழந்தை அழுதுகொண்டிருந்தது, திணறாமல், தெருவுக்கே கேட்கும்படி.