முத்திரை இல்லாத குச்சி

பில்லியர்ட்ஸ் குச்சி செய்வதில் பாளையங்கோட்டை தேவசகாயத்தை மிஞ்ச ஆள் கிடையாது. ஆட்டமும் சொல்லிக்கொடுப்பார். ஆனால் ஒரு கிறுக்கு உண்டு. செய்து கொடுத்த குச்சியில் உடனே தன் முத்திரையைச் சுட மாட்டார். வாங்கியவன் ஒரு வருஷம் அதை வைத்து ஆட வேண்டும். ஆடாத குச்சி நேராக நிற்குமா என்று தனக்கே தெரியாது என்பார்.

சீடர் குற்றாலிங்கம், வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆசான் செய்த குச்சியை ஐந்து வருஷமாக வெல்வெட் பெட்டியில் படுக்க வைத்திருந்தார். அடிபட்டுவிடுமே என்ற பயம். ஆடுவது கிளப்பில் கிடக்கும் கோணல் குச்சியால்தான். தோற்பதும் அதனால்தான்.

போன மாதம் கோட்டயத்தில் குரியன் என்ற குச்சிக்காரர் இறந்துபோனார். அவர் செய்த குச்சிகள் ஒரே வாரத்தில் நாலு மடங்கு விலை ஏறின. முத்திரை இல்லாதவற்றை எவனும் சீந்தவில்லை. அவர் கைவேலைதான் என்று சொல்ல இனி அவர் இல்லையே.

இந்த நேரம் பார்த்து தேவசகாயத்துக்குக் காய்ச்சல் என்று சேதி வந்தது. குற்றாலிங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு டஜன் சாத்துக்குடி வாங்கினார். பெட்டியையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினார்.

கிளப்புக்குப் பின்னால் உள்ள பட்டறையில், ஆசான் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மரம் இழைத்துக்கொண்டிருந்தார். பழத்தைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார்.

"பழம் எனக்கு. பெட்டி யாருக்கு வேய்?"

குற்றாலிங்கம் காய்ச்சலை விசாரித்தார். மழையைப் பற்றிச் சொன்னார். சுற்றி வளைத்து ஒருவழியாகக் கோட்டயத்துக்கு வந்து சேர்ந்தார்.

"அப்போ நான் செத்தா இது எவ்வளவு போகும்?"

"லட்சத்தைத் தாண்டும்னு சொல்லுதாவ ஆசானே. முத்திரை இருந்தா."

தேவசகாயம் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, மறுபடியும் சிரிப்பில் போய் நின்றது. குச்சியை எடுத்து நுனியில் ஒட்டியிருந்த தோலைத் தடவினார். சாக்பீஸ் தூள் பட்ட சுவடே இல்லை. பையிலிருந்து நீலச் சாக்பீஸ் கட்டியை எடுத்து நன்றாகத் தேய்த்தார். குற்றாலிங்கம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

சீடரைக் கிளப் மேஜைக்கு இழுத்துப் போய்க் குச்சியைக் கையில் கொடுத்தார் ஆசான். முதல் அடியிலேயே குச்சி மேஜை விளிம்பில் உரசிக் கீறல் விழுந்தது. போச்சு, பாதி விலை போச்சு என்று முனகினார் சீடர். பத்தாவது அடியில் முனகலை மறந்தார். நாலு மணிக்கு, காய்ச்சல்காரரானாலும் ஆசான் ஆசான்தானே, அவரையே தோற்கடித்துவிட்டு மேஜையைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

அப்புறம்தான் சுருக்கென்றது.

"ஆசானே, இன்னியிலிருந்து கணக்குன்னா முத்திரைக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கு. அதுக்குள்ள உங்களுக்கு ஏதாவது…"

தேவசகாயம் பந்துகளை அடுக்கினார்.

"எனக்கு அம்பத்தஞ்சு. உமக்கு அறுபத்தெட்டு. என் சாவை நான் பாத்துக்கிடுதேன். நீரு ஆடும்."