எட்டு அடி தூரம் போன வைத்தியம்

முன்னொரு காலத்தில், கண்ணில் பட்டதையெல்லாம் அளந்துவிடத் துடிக்கும் அரசன் ஒருவன் இருந்தான். வீரகேது என்று பெயர். பட்டத்து யானையின் காது எத்தனை சாண், கோயில் குளத்தில் எத்தனை குடம் தண்ணீர், மந்திரி ஒரு கொட்டாவிக்கு எவ்வளவு நேரம் வாயைத் திறந்து வைத்திருக்கிறார், எல்லாம் அவனுக்குத் தெரியும். அளக்க முடியாத பொருள் ஒன்று உண்டு என்று யாராவது சொல்லிவிட்டால் அன்று அவனுக்குச் சாப்பாடு இறங்காது.

அந்த அரசன் ஒருநாள் அவையில் கேட்டான்:

"தத்தா, ஒரு வைத்தியரின் அறிவு எவ்வளவு தூரம் போகிறது? எனக்கு ஒரே எண்ணில் பதில் வேண்டும்."

தத்தன் அந்த அவையின் விகடகவி. கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிப் பழகியவன். அன்று அவன் வாயைத் திறந்தான், மூடினான், தலையைச் சொறிந்தான். அவையில் இருந்தவர்களுக்கு அந்தக் காட்சி இனித்தது.

அரசன் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. ஆற்றங்கரையில் ஓர் ஆதுலர்சாலை, அதாவது நோயாளிகளைத் தங்கவைத்து வைத்தியம் பார்க்கும் இடம். நாற்பது கட்டில்கள். நாற்பதிலும் காய்ச்சல்காரர்கள். அதன் தலைவர் இறந்துபோய்விட்டார். அந்தப் பதவிக்கு இரண்டு பேர் போட்டி. ஒருவர் அரண்மனை வைத்தியர் சோமதேவ பண்டிதர். நூற்றுப் பன்னிரண்டு சுவடிகள் எழுதியவர். இன்னொருவர் அந்தச் சாலையிலேயே இருபது வருடமாகக் காய்ச்சல் பார்க்கும் மருத்துவர் வெண்ணி. எழுதியது ஒன்பதே சுவடிகள்.

"எனக்குக் கிடைத்தால் முதல் வேலையாகக் கட்டில்களை அப்புறப்படுத்துவேன்" என்று பண்டிதர் எல்லோரிடமும் சொல்லிவந்தார். "என் சுவடிகளை வைக்க நல்ல காற்றோட்டமான இடம் அது. நோயாளிகள் அவரவர் வீட்டில் படுத்துக்கொள்ளட்டும்."

தத்தன் விழிப்பதைப் பார்த்ததும் பண்டிதர் எழுந்து கைகூப்பினார். "அரசே, விகடனுக்கு மூன்று நாள் அவகாசம் கொடுப்போம். அதற்குள் அளவுகோல் ஒன்றைக் கொண்டுவரட்டும். முடியாவிட்டால் இருக்கவே இருக்கிறது சுவடிகளின் எண்ணிக்கை."

"சரிதான்" என்றான் அரசன். "நான்காம் நாள் காலை முடிவு."

தத்தன் நேரே சுவடிச்சாலைக்குப் போனான். அந்த நாட்டு வைத்தியர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் எழுதிய சுவடியின் மூலப்பிரதி அந்தச் சாலையில்தான் இருக்கும். பிறகு வேறொருவர் புதிய சுவடி எழுதும்போது அதிலிருந்து எதையாவது எடுத்துக்கொண்டாலோ அதைக் குறிப்பிட்டாலோ, அந்த மூலப்பிரதியைக் கட்டியிருக்கும் கயிற்றில் தன் இழையால் ஒரு முடிச்சுப் போட வேண்டும். ஒவ்வொரு வைத்தியருக்கும் ஒரு நிறம். வெளிநாட்டு வைத்தியர்கள் தங்கள் இழையை வணிகர்களிடம் கொடுத்தனுப்புவார்கள். சாலைக் காப்பாளர் உலகப்பர் வாங்கிக் கட்டிவைப்பார்.

தத்தன் இரண்டு நாள் தரையில் உட்கார்ந்து எண்ணினான். சுவடிகளை எண்ணினான், பண்டிதர் ஜெயித்தார். முடிச்சுகளை எல்லாம் கூட்டினான். அதிலும் பண்டிதரே ஜெயித்தார். சுவடிகளைத் தராசில் போட்டுக்கூடப் பார்த்தான்.

"பண்டிதர் தடித்த ஓலையாகப் பார்த்து வாங்குவார்" என்றார் உலகப்பர். "நீ எடை போடுவாய் என்று அப்போதே தெரிந்திருக்கிறது."

"சித்திரை மாத இருமலுக்கு ஒரு சுவடி. வைகாசி மாத இருமலுக்கு ஒரு சுவடி. இரண்டிலும் மருந்து ஒன்றுதானே, உலகப்பரே?"

"பன்னிரண்டு மாதத்துக்கும் அதே மருந்துதான். பன்னிரண்டு சுவடி."

மூன்றாம் நாள் தத்தன் எண்ணுவதை விட்டுவிட்டு, சுவடிகளைத் தரையில் நீளமாக அடுக்கி அவற்றின் பக்கத்தில் நடந்துகொண்டே இருந்தான். சாயங்காலம் உலகப்பர் கதவைப் பூட்ட வந்தபோது அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

நான்காம் நாள் காலை அவை கூடியது. தரையில் இரண்டு வரிசையாகச் சுவடிகள், அடிக்கு ஒன்றாக. ஒரு வரிசை ஒன்பது சுவடியோடு தூணருகே முடிந்துவிட்டது. மற்றொன்று அவை மண்டபம் முழுவதையும் கடந்து, வாசல் தாண்டி, முற்றம் தாண்டி, யானைக் கொட்டில் வரை நீண்டிருந்தது.

"அரசே, அறிவு எவ்வளவு தூரம் போகிறது என்று கேட்டீர்கள்" என்றான் தத்தன். "தூரத்தை நடந்துதானே அளக்க வேண்டும்? நடந்து பாருங்கள். விதி ஒன்றே ஒன்று. ஒவ்வோர் அடிக்கும் எண் சொல்லுங்கள். அந்த அடிக்குப் பக்கத்தில் உள்ள சுவடியில் நீங்கள் சொன்ன எண்ணுக்குக் குறையாமல் முடிச்சு இருந்தால் அங்கே கால் வைக்கலாம். குறைந்தால் நின்றுவிட வேண்டும். முடிச்சு அதிகம் உள்ள சுவடியை முதலில் வைத்திருக்கிறேன்."

பண்டிதரின் முகம் மலர்ந்தது. "என் வரிசையில் நடந்தால் அரசருக்குக் கால் வலிக்குமே" என்றார். உடனே வெண்கொற்றக் குடை வந்தது. தண்ணீர்க் குடத்தோடு இருவர் பின்னால் நின்றார்கள். களைத்துப் போனால் ஏறிக்கொள்ள யானைக் கொட்டில் வாசலில் ஒரு பல்லக்கும் தயாராக நின்றது.

அரசன் செருப்பை மாட்டிக்கொண்டு புறப்பட்டான். "ஒன்று."

முதல் சுவடியின் கயிறு தேன்கூடு மாதிரி கனத்துத் தொங்கியது. முந்நூற்று நாற்பது முடிச்சுகள். "அடேயப்பா" என்றான் அரசன். "இதில் என்ன எழுதியிருக்கிறது?"

"எத்தனை குன்றிமணி ஒரு கழஞ்சு, எத்தனை உழக்கு ஒரு நாழி என்ற அளவைப் பட்டியல், அரசே" என்றார் பண்டிதர்.

"நல்ல சுவடி" என்று மறுபக்கத்திலிருந்து வெண்ணி சொன்னார். "தெளிவாக எழுதியிருக்கிறார். நானே அதில் நான்கு முடிச்சுப் போட்டிருக்கிறேன்."

பண்டிதர் அவரை ஒரு கணம் வியப்போடு பார்த்தார்.

"இரண்டு" என்றான் அரசன். ஆறு முடிச்சுகள். "இது எதற்கு?"

உலகப்பர் குனிந்து பார்த்தார். "மிளகுக் கஷாயச் சுவடி, அரசே. இதைக் குடித்து வயிறு வெந்துபோனது, யாரும் குடிக்க வேண்டாம் என்று ஆறு பேர் எழுதினார்கள். அவர்கள் போட்ட முடிச்சு."

அவை சிரித்தது. "அதுவும் கணக்கில் சேருமா?" என்றான் அரசன்.

"சேரும். முடிச்சைப் பார்த்தால் பாராட்டா திட்டா என்று தெரியாது. அதற்குச் சுவடியைப் படிக்கத்தான் வேண்டும்" என்றான் தத்தன். "நடங்கள், அரசே."

"மூன்று." நான்கு முடிச்சு. அரசன் கால் வைத்தான். "நான்கு." அந்தச் சுவடியின் கயிறு மஞ்சள் மஞ்சளாகக் கொழுத்துக் கிடந்தது. பதினான்கு முடிச்சுகள். அதில் பன்னிரண்டு ஒரே மஞ்சள்.

"இந்த மஞ்சள் யாருடைய நிறம்?"

பண்டிதர் தொண்டையைச் செருமினார். "அடியேனுடையதுதான், அரசே. பின்னால் எழுதிய சுவடிகளில் முன்னால் எழுதியதைக் குறிப்பிட வேண்டியிருந்தது."

"அது குற்றமில்லை" என்றான் தத்தன். "தான் தொடங்கிய வேலையைத் தானே தொடர்பவர் அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் நம் வீட்டு விருந்தில் நாமே உட்கார்ந்து சாப்பிட்டதை, வந்த விருந்தாளிகளோடு சேர்த்து எண்ணுவதில்லையே. மஞ்சளைக் கழித்துவிட்டுத்தான் வரிசைப்படுத்தினேன்."

பதினான்கில் பன்னிரண்டு போனால் இரண்டு. அரசன் தூக்கிய காலைக் கீழே வைக்க இடமில்லாமல் பின்னால் இழுத்துக்கொண்டான். அவனுடைய தலைக்கு மேலே குடை, முதுகுக்குப் பின்னால் இரண்டு குடம் தண்ணீர், யானைக் கொட்டில் வாசலில் பல்லக்கு. அவன் நடந்தது மூன்றே அடி.

"முந்நூற்று நாற்பது முடிச்சு என்ன ஆயிற்று?" என்று பண்டிதர் குரல் உயர்த்தினார். "மொத்தம் கூட்டினால் நான்தானே அதிகம்?"

"ஒரு கல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதன் மேல் ஓர் அடிதான் வைக்க முடியும், பண்டிதரே. ஆற்றைக் கடக்க வேண்டுமானால் கற்கள் பல வேண்டும். ஒவ்வொன்றும் ஆளைத் தாங்கவும் வேண்டும். வெறும் கூழாங்கல் நூறு இருந்தாலும் கால் வைத்தால் உருண்டுவிடும்."

அரசன் வெண்ணியின் வரிசைக்கு வந்தான். "ஒன்று." முப்பத்தொரு முடிச்சு. "இதில் என்ன?"

"காய்ச்சல்காரரின் நாடி, அரசே" என்றார் வெண்ணி. "அடியில் ஊசித் துளையுள்ள ஒரு செம்புக் கிண்ணத்தைத் தண்ணீரில் மிதக்கவிட்டால், அது நிரம்பி முழுக எப்போதும் ஒரே நேரம்தான் ஆகும். அது முழுகுவதற்குள் நாடி எத்தனை முறை துடிக்கிறது என்று எண்ணினேன். அதற்கு முன்னால் எல்லோரும் நாடி தவளை போலக் குதிக்கிறது என்று எழுதுவோம். என் தவளையும் இன்னொருவர் தவளையும் ஒரே மாதிரி குதிக்குமா என்று யாருக்குத் தெரியும்? கிண்ணத்தின் அளவையும் துளையின் அளவையும் எழுதிவைத்தேன். இப்போது யாரும் எங்கேயும் எண்ணி, என் எண்ணோடு ஒப்பிடலாம்."

அரசன் மெல்லக் குனிந்தான். கயிற்றில் பல நிறங்கள். நீலம், கருஞ்சிவப்பு, பச்சை. நடுவில் முரட்டுப் பழுப்பு இழை ஒன்று.

"இது பருத்தி இல்லையே."

"ஒட்டக மயிர், அரசே" என்றார் உலகப்பர். "மணல் நாட்டு வைத்தியர் ஒருவர் அனுப்பினார். அங்கேயும் கிண்ணம் மிதக்கவிட்டு எண்ணுகிறார்களாம். தண்ணீர் பஞ்சம், அதனால் அதே தண்ணீரைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறார்களாம்."

"நீங்கள் அந்த நாட்டுக்குப் போனதுண்டா?" என்று அரசன் வெண்ணியைக் கேட்டான்.

"நான் நம் ஆற்றையே தாண்டியதில்லை, அரசே. கட்டில்களை விட்டு எங்கே போவது?"

அரசன் அதற்குப் பிறகு வேகமாக நடக்கவில்லை. இரண்டில் இருபத்து நான்கு. மூன்றில் பத்தொன்பது. ஒவ்வொரு சுவடியிலும் குந்தி உட்கார்ந்து இழைகளை விரலால் பிரித்துப் பார்த்தான். ஓர் இழையில் மீன் வாடை அடித்தது, தீவிலிருந்து வந்தது. ஒன்று பட்டு. ஒன்று வாழை நார், நிறமேற்றக்கூட வசதியில்லாத ஏதோ ஒரு மலைக் கிராமத்து வைத்தியருடையது. எங்கோ முகம் தெரியாத ஒருவர் விளக்கைத் தூண்டி, இந்த ஓலையின் பிரதியைப் படித்து, தன் நோயாளியின் கையைப் பிடித்து எண்ணி, அதைத் தன் சுவடியில் எழுதியிருக்கிறார். அப்படி ஒரு தடவை நடந்ததற்கு ஒரு முடிச்சு. அவ்வளவு பேர் அந்த ஒன்பது சுவடிகளைச் சுற்றி நிற்பது போல இருந்தது அரசனுக்கு.

நான்கில் பதினைந்து. ஐந்தில் பன்னிரண்டு. ஆறில் ஒன்பது. ஏழில் எட்டு. "எட்டு" என்றான் அரசன். அங்கே சரியாக எட்டு முடிச்சு. கால் வைத்தான். "ஒன்பது." மூன்றே முடிச்சு. நின்றான்.

"அதைப் போன மாசியில்தான் எழுதினேன்" என்றார் வெண்ணி. "இன்னும் பலர் கைக்குப் போயிருக்காது."

"அப்படியானால் இந்த எண் இனியும் வளருமா?"

"வளரலாம், அரசே. குறையவே குறையாது" என்றான் தத்தன். "அதனால் ஓர் எச்சரிக்கை. நேற்று எழுதத் தொடங்கிய இளம் வைத்தியரை இதில் நடக்கவிட்டு, ஓரடிதானா என்று ஏளனம் செய்யக் கூடாது. கண் வைத்தியர் நாட்டில் பத்துப் பேர்தான். அவர்களுக்கு முடிச்சுப் போட ஆளே குறைவு. காய்ச்சல் வைத்தியரோடு அவர்களை நிறுத்தினால் அநியாயம். ஒரே துறை, ஏறக்குறைய ஒரே அனுபவம், அப்போதுதான் இந்த நடை நேர்மையாக இருக்கும்."

அரசன் திரும்பி, மூன்றாம் அடியில் குடைபிடித்தவன் இன்னும் குடையை விரித்தபடி நிற்பதைப் பார்த்தான். அடக்க முடியாமல் சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அரியணையில் போய் விழுந்தான். பண்டிதருக்கே கடைசியில் சிரிப்பு வந்தது.

"வெண்ணி, ஆதுலர்சாலை உங்களுடையது" என்றான் அரசன். "ஒரு கட்டில்கூட நகரக் கூடாது. இன்னும் இருபது போடச் சொல்கிறேன். பண்டிதரே, அளவைச் சுவடி மாதிரி இன்னும் இரண்டு எழுதுங்கள், நானே வந்து நடக்கிறேன். தத்தா, உனக்குப் பட்டும் ஒரு குதிரையும்."

"கேள்விக்குப் பதில் என்ன என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லையே, அரசே."

"பண்டிதர் மூன்று. வெண்ணி எட்டு." அரசன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கல்தச்சரை அழைத்தான். சுவடிச்சாலை வாசலில் அன்றே ஒரு கல் நாட்டினார்கள். அதில் இப்படிப் பொறித்திருந்தது:

வைத்தியர் தன் சுவடிக்குத் தானே போட்ட முடிச்சுகளைக் கழித்துவிடு. முடிச்சு அதிகமுள்ள சுவடி முதலாகவும் குறைந்தது கடைசியாகவும் வரிசையாக வை. ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு போ. சுவடியில் உள்ள முடிச்சு நீ சொல்லும் எண்ணுக்குக் குறையும்போது நின்றுவிடு. கடைசியாக நீ கால் வைத்த எண்ணே அவருடைய அளவு.