எலும்பு சொல்லாத இடங்கள்

தில்லைக்கரசியிடம் களிமண் பிசையக் கற்றுக்கொள்ள வந்த சீடர் அவளைவிட இருபது வயது மூத்தவர். டாக்டர் சேதுராமலிங்கம், மருத்துவக் கல்லூரியில் எலும்புப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். காபிக்குச் சர்க்கரை போடுவதானாலும் கரண்டியைக் கண்ணுக்கு நேரே தூக்கி மட்டம் பார்த்துவிட்டுத்தான் போடுவார். அப்பேர்ப்பட்டவர் அவளை வாய் நிறைய "டீச்சர்" என்று கூப்பிட்டது ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் வேடிக்கையாக இருந்தது.

பெயர் தெரியாத மண்டையோடுகளுக்கு முகம் செய்வது தில்லைக்கரசியின் வேலை. போலீஸ் கொண்டுவரும் மண்டையோட்டுக்குப் பிளாஸ்டரில் அச்சு எடுப்பாள். முகத்தில் எந்த இடத்தில் சதை எவ்வளவு கனம் என்று விஞ்ஞானிகள் அளந்து வைத்திருக்கிறார்கள். அந்த அளவுக்கு ரப்பர் முளைகளை நறுக்கி ஒட்டுவாள். முளையின் உயரம்வரை களிமண்ணை அப்பினால் முகம் எழுந்து வரும். அதன் படம் பேப்பரில் வரும். பிறகு யாராவது அழுதுகொண்டு வருவார்கள்.

இந்த முறை ஆற்று மணலில் கிடைத்தது ஓர் ஆணின் மண்டையோடு. நெருப்பில் வெந்துபோயிருந்ததால் மரபணுச் சோதனைக்கு வழியில்லை. தில்லைக்கரசி இரண்டு அச்சு எடுத்து ஒன்றை அவரிடம் கொடுத்தாள், மற்றதைத் தான் வைத்துக்கொண்டாள். முடிக்கும்வரை ஒருவர் செய்வதை மற்றவர் பார்க்கக் கூடாது என்பது அவள் விதி. இரண்டு தலைகளும் ஈரத்துணி போர்த்திக்கொண்டு மேஜையின் இரு கோடிகளில் இருந்தன.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம். சேதுராமலிங்கம் தன் தலையின் மேலிருந்த துணியை விலக்கினார். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"டீச்சர், இது என் பையன்."

மதிவாணன். படம் வரையத்தான் போவேன் என்று நின்றவனை, "கிறுக்கி என்னடா கிழிக்கப்போற?" என்று கேட்டார் அவர். அன்று படியிறங்கியவன் வருஷக்கணக்காக வரவில்லை. அன்றுமுதல் அவர் மனைவி வேதவல்லி வாசல் கதவைத் தாழ்போட்டதே இல்லை. திருடன் வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டாள். இந்த வயதில் அவர் களிமண்ணைத் தொட்டதும் மகனால்தான். அவன் கைக்குத் தெரிந்தது என்னவென்று தன் கைக்கும் தெரிய வேண்டும் என்று ஓர் ஆசை. வெட்கம்கெட்ட ஆசைதான்.

"முளை எல்லாம் சரியா ஒட்டினீங்களா?" என்றாள் தில்லைக்கரசி.

"மயிரிழை தப்பில்ல. திரும்பத் திரும்ப அளந்துட்டேன். நான் அவனை நினைச்சுச் செய்யல டீச்சர். கை தானா போச்சு. சாயங்காலம் துணி போர்த்திட்டுப் போறேன். காலையில வந்து பார்த்தா உதடு இன்னும் கொஞ்சம் அவனா இருக்கு. நேத்து அந்தத் துணி..."

துணி மூச்சு விட்டது என்று சொல்ல அவருக்குப் பயமாக இருந்தது.

"அளவு பொய் சொல்லுமா டீச்சர்?"

"சொல்லாது."

"அப்ப நான் வீட்டுக்குப் போறேன். இனிமே கதவைத் தாழ்போட்டுக்கன்னு அவகிட்ட சொல்லிடறேன்."

எழுந்தார். அவள் தடுக்கவில்லை. மேஜையின் மறுகோடிக்குப் போய்த் தன் தலையின் துணியை எடுத்தாள்.

அது வேறு ஆள். அகன்ற மூக்கு, விடைத்த காது, ஏதோ கிண்டல் சொல்லப்போகிற உதடு. அதே மண்டையோடு, அதே முளைகள்.

"யார் இது?"

"என் தம்பி."

சேதுராமலிங்கம் மேஜையருகே திரும்பி வந்தார். "அவரும் காணாமப் போனவரா?"

"இல்ல. காய்ச்சல்ல செத்தான். கொள்ளி வெச்சப்ப நான் பக்கத்துல நின்னேன். இது அவன் மண்டையோடு இல்லைன்னு எனக்கு நல்லாவே தெரியும். ஆனா எதைச் செஞ்சாலும் முதல்ல அவன்தான் வர்றான் டாக்டர். பொம்பள மண்டையோட்டுலகூட வந்திருக்கான்."

சாப்பாட்டு நேரத்துக்கு வந்து நிற்கிற சொந்தக்காரனைப் பற்றிச் சொல்வது போலத்தான் சொன்னாள்.

"மூக்கு நுனி, காது, உதடு. அதையெல்லாம் எலும்பு சரியாச் சொல்லாது. அங்க வந்து உட்கார்ந்துக்கறான்."

"வந்தா என்ன செய்வீங்க?"

அவள் இரண்டு தலைகளையும் நகர்த்தி அருகருகே வைத்தாள்.

"கண்ணை மூடுங்க. இதுல ஒரு கை, அதுல ஒரு கை. ரெண்டு கைக்கும் ஒரே மாதிரி படுற இடத்துல மட்டும் நில்லுங்க. மத்ததை விட்டுடுங்க."

அவர் கண்ணை மூடினார். மண் சில்லென்று இருந்தது. உதடு சேரவில்லை, விட்டார். காது சேரவில்லை. மகனின் மூக்கிலிருந்து விரலை எடுக்கத்தான் மனம் வரவில்லை. எடுத்தார். புருவ மேடு சேர்ந்தது. தாடை சேர்ந்தது. இடது கன்னத்தில் இரண்டு கைகளும் ஒரே பள்ளத்தில் இறங்கின.

சின்ன வயதில் உடைந்து, கோணலாகக் கூடி, அப்படியே வளர்ந்துவிட்ட கன்ன எலும்பு. மதிவாணனுக்கு அப்படி எதுவும் உடைந்ததில்லை. காலமெல்லாம் எலும்பு நடத்தியவர் இதைப் பார்க்காமல் இருப்பாரா? முதல் நாளே பார்த்தார். பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்.

இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில், அவருக்கு முன்பின் தெரியாத ஒருவன் இருந்தான். இத்தனை நாளும் துணிக்குள் அவன்தான் இருந்திருக்கிறான், கூப்பிட ஆளில்லாமல்.

அவர் வெடுக்கென்று கையை எடுத்தார். கண்ணைத் திறக்க மட்டும் தைரியம் வரவில்லை.

"டீச்சர்... யார் இது?"

தில்லைக்கரசி ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள்:

"தெரியல டாக்டர். இவன் வீட்லயும் யாரோ கதவைத் தாழ்போடாம வெச்சிருப்பாங்க."