பூனை வளராத ஊரில் மூன்று குட்டிகள்

முன்னொரு காலத்திலே, ஆறுகள் பேசிக்கொண்டே ஓடிய காலத்திலே, மருதந்துறை என்றொரு ராஜ்ஜியம் இருந்தது. அங்கே வயல் விளையும், கதிர் முற்றும், நெல் மலையாகக் குவியும். ஆனால் அரசரின் களஞ்சியத்தில் கொட்டியதும் அத்தனை நெல்லும் உமியாகிவிடும்!

எல்லாம் மூஞ்சூறன் என்ற மாயாவியின் வேலை. அந்த ஊரில் வளர்ந்த பூனையின் நகம் அவன் மேல் படாதவரை அவன் மாயம் பலிக்கும். அதனால் அங்கே ஒரு பூனைக்குட்டியையும் அவன் வளரவிட்டதில்லை.

அந்த ஊர் ஓடக்காரி சிங்காரி. ஒருநாள் வெள்ளத்தில் ஒரு பலகை மிதந்து வந்தது. அதன்மேல் மூன்று பூனைக்குட்டிகள், நனைந்து நடுங்கிக்கொண்டு! எட்டி எடுத்து மடியில் கட்டிக்கொண்டாள்.

"நம்ம ஊர்ல பூனை தங்காதே, சிங்காரி" என்றான் புருஷன் சாத்தன்.

"என் வீட்டுல தங்கும்" என்றாள் அவள்.

பாவம் பார்த்து சாத்தன் கொஞ்சம் பசும்பால் வைத்தான். குட்டிகளுக்கு வயிற்றால் போய்விட்டது. சிங்காரி அவற்றைத் துடைத்து, தன் பழைய சேலையைக் கூடையில் மெத்தென்று மடித்துப் போட்டுப் படுக்கவைத்தாள்.

மறுநாளே வாசலில் ஒரு வியாபாரி. வேறு யார், குட்டிகளை ஒழித்துக்கட்ட வேஷம் போட்டு வந்த மூஞ்சூறன்தான்!

"ராஜா வீட்டுச் சரக்கு, ராணி வீட்டுச் சரக்கு! வெள்ளிச் செம்பு, அது நிறைய சுண்டக் காய்ச்சிய பால். வாங்கம்மா!"

சிங்காரி இடுப்பில் கைவைத்தாள். "வாங்கப்போறது நான், வளரப்போறது குட்டி. குட்டி சொல்லட்டும்!"

ஒரு குட்டி செம்புக்குள் தலையை விட்டது. மீசை இரு பக்கமும் இடித்தது. வெடுக்கென்று பின்வாங்கியது.

"வாய் குறுகல். பாலும் இதுங்களுக்கு ஒத்துக்கலை. கொண்டுபோ!"

அகலமான மண்தட்டில் மீனை வேகவைத்து, முள் நீக்கி, வெதுவெதுப்பாகப் பிசைந்து வைத்தாள். பக்கத்தில் நல்ல தண்ணீர். சின்ன வயிறு அல்லவா? கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை கொடுத்தாள். குட்டிகள் தேறின.

அடுத்த வாரம் மூஞ்சூறன் மறுபடி வந்தான்.

"ராஜா வீட்டுச் சரக்கு, ராணி வீட்டுச் சரக்கு! தங்க நூல்கண்டு, வாங்கம்மா!"

"வாங்கப்போறது நான், வளரப்போறது குட்டி. குட்டி சொல்லட்டும்!"

அவள் சொல்லி முடிக்கவில்லை, மூன்று குட்டிகளும் நூல்கண்டின் மேல் பாய்ந்தன.

"அதுங்களே கேட்குதுங்களே, வாங்கிடு!" என்று சாத்தன் சிரித்தான்.

சிங்காரி சிரிக்கவில்லை. கடைக்குட்டி நூலின் நுனியை மென்று விழுங்கப் பார்த்தது. பாய்ந்து பறித்தாள்.

"பிடிச்சதெல்லாம் நல்லதாயிடுமா? உள்ளே போனா குடல்ல சிக்கும். கொண்டுபோ!"

அன்றே பெரிய துணிப்பந்து ஒன்று கட்டி உருட்டிவிட்டாள். வீடே துள்ளியது.

மூன்றாம் முறை அவன் கொண்டுவந்தது அத்தர் தெளித்த பட்டு மெத்தை. குட்டிகள் முகர்ந்தன. அச்! அச்! அச்! தும்மிவிட்டு நேரே பழைய சேலைக்கே ஓடின.

"மலம் கழிக்க அந்த மூலையில ஆத்துமணல் தட்டு இருக்கு. தின்ன இந்த மூலை இருக்கு. தூங்க என் சேலை இருக்கு. உன் சரக்கு ஒண்ணுமே வேண்டாம். கிளம்பு!" என்றாள் சிங்காரி.

மூஞ்சூறனுக்குக் கண் சிவந்தது. "சரக்கு விற்காவிட்டால் என்ன? குட்டிகளைத் தூக்கிக்கொண்டே போகிறேன்!" என்று மூத்த குட்டியின் கழுத்தைப் பிடித்தான்.

அது வெள்ளத்தில் நடுங்கிய குட்டியா இப்போது? மீன் தின்று உரமேறிய குட்டி! திமிறித் திரும்பி, அவன் கையில் ஒரே கீறல்!

"ஐயோ!" என்ற அலறல் "கீச்" என்று முடிந்தது. ஆள் குறுகினான், மூக்கு நீண்டது, வால் முளைத்தது. நின்ற இடத்தில் ஒரு மூஞ்சூறு! மூன்று குட்டிகளும் துரத்த, ஊர் எல்லை தாண்டி ஓடியது ஓடியதுதான்.

அந்தக் கணமே களஞ்சியத்தில் சலசலவென்று சத்தம். உமியெல்லாம் நெல்லாகிக் கதவை முட்டித் தள்ளி வீதியில் வழிந்தது. ஊரே அள்ளிக்கொண்டு போய்ச் சோறு பொங்கியது.

அரசர் தாமே ஓடத்துறைக்கு வந்தார். "சிங்காரி, இனி களஞ்சியம் உன் பொறுப்பு. ஏற்றுக்கொள்வாயா?"

"சாவியைக் கொடுங்க, மகாராஜா" என்றாள் அவள், கையை நீட்டி.

தலைப்பாகையில் செருகியிருந்த சாவியை எடுக்க அரசர் அதைக் கழற்றிக் கீழே வைத்தார். கடைக்குட்டி அதில் ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, சுருண்டு படுத்துத் தூங்கிவிட்டது. எழுப்ப மனமில்லாமல் அரசர் வெறுந்தலையோடு அரண்மனைக்கு நடந்தார். வழியெல்லாம் சிரித்துக்கொண்டே போனாராம்.