டோக்கன் கேட்ட மேனேஜர்

திருப்பூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் அறுபது டெய்லர் பெண்கள் பாத்ரூம் போக இருந்தது ஒரே ஒரு டோக்கன். டோக்கன் இல்லாமல் யார் வந்தாலும் கதவைத் தாண்ட விடாதே என்று வாட்ச்மேனுக்கு மேனேஜர் கனகசபாபதி உத்தரவு போட்டிருந்தார்.

அதற்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் கிடந்ததில் பூவாத்தாளுக்கு அடிவயிறு எரிய ஆரம்பித்தது. வேலையை விடுவதாகக் கடிதம் எழுதி, எல்லோரும் பார்க்க அவரிடம் நீட்டினாள்.

மேனேஜர் அதை வாங்காமல் சிரித்தார். “நான் காலையில உட்கார்ந்தா சாயங்காலம்தான் எழுந்திரிப்பேன். மனசுல வைராக்கியம் வேணும்.”

“அந்த வைராக்கியத்தைக் கத்துக்கிட்டா நான் எதுக்குங்க சார் வேலைய விடப்போறேன்? நாளைக்கு எங்க லைன்ல உட்கார்ந்து சொல்லிக் குடுங்க.”

அறுபது பேர் முன்னால் அவரால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

மறுநாள் அவள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். வாத்தியாருக்கு மரியாதையாகப் பத்து மணிக்கு இளநீர் கொடுத்தாள். பத்தரைக்கு ஒரு சொம்பு மோர். பதினொன்றுக்கு அவர் கால் ஆட ஆரம்பித்தது. அப்புறம் நெற்றி வேர்த்தது.

“டோக்கன் யார்கிட்ட இருக்கு?” என்றார் மெதுவாக.

“போயிருக்குதுங்க சார். உங்களுக்கு முன்னால இன்னும் பதினாலு பேரு.”

எழுந்து ஓடினார். கதவில் வாட்ச்மேன் கையை நீட்டி மறித்தான்.

“டோக்கன் இருக்குதுங்களா சார்? யார் வந்தாலும்னு நீங்கதானுங்க சொன்னீங்க.”

அன்றைக்கு மத்தியானமே டோக்கன் குப்பைக்குப் போனது. பூவாத்தாளின் கடிதம் அவள் மெஷின் டிராயரில் பத்திரமாக இருக்கிறது. தேதி மட்டும் இன்னும் போடவில்லை.