வாசலோடு நின்றுவிட்ட சாய்கோடு

சத்தியம்! ஊருக்கே கேட்கும்படி சொல்கிறேன், சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யானாலும் என் மீசை குதிகாலில் முளைக்கட்டும்.

ஒரு ஊரில் ஒரு கல்யாண ஸ்டூடியோ. அங்கே ஒரு பழைய கம்ப்யூட்டர். கட்டளையை எழுதித்தான் அதனிடம் வேலை வாங்க முடியும். எழுதியது நேரே உள்ளே இருக்கும் வேலைக்காரனிடம் போகாது. வாசலில் ஷெல் என்றொரு துபாஷி உட்கார்ந்திருப்பான். எது வந்தாலும் அர்த்தம் பண்ணித்தான் உள்ளே அனுப்புவான்.

அதிலும் நட்சத்திரக் குறியைக் கண்டால் அவனுக்குத் தலைகால் புரியாது. "ஐயா வந்தாச்சு! எல்லாரும் வாங்க!" என்று, ஃபோல்டர் என்கிற அந்த அறையிலிருக்கும் அத்தனை கோப்புகளையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிடுவான்.

ஆல்பத்துக்குத் தேர்ந்த படங்களுக்கு நட்சத்திரம் போடுவது அந்தக் கடை வழக்கம். அங்கே வேலை பார்த்த ஜெசிந்தா, அந்தக் கைப்பழக்கத்தில் வெறும் நட்சத்திரத்தையே பெயராக வைத்து ஒரு காலிக் கோப்பை உண்டாக்கிவிட்டாள். அதைத்தான் இப்போது நீக்க வேண்டும்.

எதிரே பெஞ்சில் அன்னபாக்கியம் காத்திருந்தாள். அவளுடைய அப்பா எந்தப் படத்திலும் சிரித்ததில்லை. இவள் கல்யாணத்தில் மாமாவின் வேட்டி அவிழ்ந்தபோது மட்டும் வாய்விட்டுச் சிரித்தார். அந்த ஒரு படம் அந்தக் காலிக் கோப்பு கிடந்த அதே அறையில்தான் இருந்தது. அப்பா இப்போது இல்லை.

"ஜெசிந்தா, இன்னும் என்னம்மா பண்றே? அக்கா எவ்வளவு நேரமா உக்காந்திருக்காங்க!" என்று முதலாளி கத்தினார்.

"இதோண்ணே, ஒரு குப்பையைத் தள்ளிட்டுத் தந்துடறேன்."

'அழி' என்று எழுதி, பக்கத்தில் நட்சத்திரத்தைப் போட்டாள். அழிப்பான் என்கிற வேலைக்காரன் துணியோடு உள்ளே தயாராக நின்றான். எதற்கு, ஏன் என்று கேட்கிற பழக்கம் அவனுக்கு இல்லை. துடைத்தால் துடைத்ததுதான்.

படங்கள் நடுங்கிப்போயின. "அட பாவி, அவ உன்னை மட்டுந்தானே சொல்றா! எங்களை ஏன்டா இழுக்கிறே?" என்றது அப்பா சிரித்த படம்.

"நான் என்ன செய்ய?" என்றது நட்சத்திரம். "நான் வந்தாலே ஊர் திரண்டதுன்னு அந்தத் துபாஷி நினைச்சுக்கிறான். என்னை நானா இருக்க யார் விட்டா?"

அப்போது விசைப்பலகையின் மூலையிலிருந்து ஒரு குரல். "நான் முன்னால நிக்கிறேன்."

பின்பக்கம் சாய்ந்த கோடு. எல்லாரும் கேலி பண்ணுகிற ஆள். "நீயே குடிச்சவன் மாதிரி நிக்கிறே, நீயா?" என்றது நட்சத்திரம்.

"சாய்ஞ்சிருந்தா என்ன, உன்னைத் தாங்கிக்குவேன்."

அது ஜெசிந்தாவின் காதில் விழுந்ததோ என்னவோ, என்டர் விசைக்குப் போன விரல் திடுக்கென்று நின்றது. "ஐயோ மாதாவே!" என்றாள். கர்சரைப் பின்னால் நகர்த்தி, நட்சத்திரத்துக்கு முன்னால் சாய்கோட்டை நிறுத்தினாள். பிறகு விசையைத் தட்டினாள்.

துபாஷி எழுந்து, "எல்லாரும்..." என்று வாயைத் திறந்தான்.

"அர்த்தம் பண்ணாதீங்க ஐயா," என்றது சாய்கோடு. "இவன் வெறும் நட்சத்திரம். அப்படியே அனுப்புங்க."

துபாஷி வாயை மூடிக்கொண்டான். அழிப்பான் அந்தக் காலிக் கோப்பை மட்டும் துடைத்துவிட்டுப் போனான்.

படங்கள் நன்றி சொல்ல ஓடி வந்தன. சாய்கோட்டைக் காணோம்.

"எங்கய்யா அவன்?"

"வாசல்லயே கழட்டிட்டேன்," என்றான் துபாஷி. "சொல்ல வேண்டியதைச் சொன்னதும் அவனை எடுத்துடணும். அதான் முறை. உள்ளே இருக்கிறவன் அவனைப் பார்த்ததே இல்லை."

படங்கள் வாசலைப் பார்த்துக் கைகூப்பி நின்றன. அன்னபாக்கியம் அச்சடித்த படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நல்லா இருப்பே தாயி," என்றாள். "என்னைச் சொல்லாதீங்கக்கா," என்று ஜெசிந்தா விசைப்பலகையின் மூலையை முந்தானையால் மெல்லத் துடைத்தாள்.

இதைத் தாராளமாக ஊரெல்லாம் சொல்லுங்கள். யார் சொன்னது என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். நானும் வாசலோடு நின்றுகொள்கிறேன்.