மஞ்சள் துணி கட்டிய கை

ஆலங்கரை ஏரிக்குக் கரைமண் சுமந்து பிழைத்தவர் வெள்ளையம்மையார். கணவரை இழந்தவர். ஒரே மகன் சடையன், ஏரிக்குள் மூழ்கி மடை திறப்பவன். அம்மையார் நாள்தோறும் முதற்கூடை சுமக்குமுன் இரு கை நிறைய ஏரிநீரை அள்ளிவந்து கரைக்கண்டீசர் கோயில் வாசலில் வார்ப்பார். உள்ளே போக அவருக்கு உரிமை இல்லை. "வாசலும் அவனோடதுதானே" என்பார்.

அந்தக் கைநீரில் சில நாள் வரப்போவது தெரியும். கணவரின் சாவையும் அப்படித்தான் முன்பே கண்டார். அவர் கேட்டு வாங்கிய வரமல்ல அது. யாருக்குத்தான் வேண்டும் அப்படியொரு வரம்?

ஓர் ஐப்பசிக் காலையில், வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தபோதே, பெருமழையில் கரை உடைந்து ஊர் மூழ்குவதைக் கண்டார். கூடவே இன்னொன்றும் கண்டார்: மடை திறந்தால் ஊர் பிழைக்கிறது, ஆனால் திறக்க மூழ்கிய சடையன் மேலே வரவில்லை.

ஊராரோ இரண்டாம் போகத்து ஆசையில், மிகுநீர் வழிந்தோடும் கலிங்கைக் கல்லும் மண்ணும் வைத்து அடைத்திருந்தனர். "அந்த அடைப்பை மட்டும் எடுத்துடுங்க சாமி. பெருமழை வருது," என்று ஊர்த்தலைவரிடம் கெஞ்சினார் அம்மையார்.

தலைவர் சிரித்தார். "வானம் வெளுத்துக் கிடக்குது. மண்ணு சுமக்கிறவ மழைக்கு நாள் குறிக்கிறியா?"

அன்று முதல் 'மழைக்காரி' என்றே கேலி பேசினார்கள். ஊர்வாயை மூட உலைமூடி ஏது? அம்மையார் தாமே கல்லைப் பெயர்க்கப் போனார், பிடித்துத் தள்ளினார்கள். விழுந்தவர் ஈசன் பேரைச் சொல்லி எழுந்து, கூடையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

சில நாளில் பிடித்த மழை விடவில்லை. கலிங்கு நீருக்குள் போயிற்று. இனி அதை எவரும் நெருங்க முடியாது. கரை கசியத் தொடங்கியது. மடை ஒன்றுதான் வழி.

அவ்வூரில் ஒரு வழக்கம் உண்டு. மடை திறக்க இறங்குபவனுக்குத் தாயோ தாரமோ இடுப்பில் மஞ்சள் துணி கட்டிவிட வேண்டும். அவள் கட்ட மறுத்தால் அவனை இறங்கச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. சடையனுக்குத் தாரம் இல்லை.

தலைவர் ஓடிவந்து அம்மையாரின் காலில் விழுந்தார். பின்னால் ஊரே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நனைந்தபடி நின்றது. கட்டினால் தம் பிள்ளை போவான். கட்டாவிட்டால் இத்தனை பிள்ளைகளும் போவார்கள். பெற்ற மனம் பித்து என்பது சும்மாவா? சொல்லாமல் கட்டிவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தார். ஐயோ, பெற்ற பிள்ளையை ஏமாற்றியா அனுப்புவது?

"சடையா, இறங்கினா நீ மேல வரமாட்டே. நான் பாத்துட்டேன்," என்றார்.

அவன் ஏரியையே பார்த்துக்கொண்டு நின்றான். "பயமா இருக்கும்மா," என்றான். பிறகு அந்தப் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "கட்டு," என்றான்.

அம்மையாருக்கு முடிச்சு விழவில்லை. அவனே தாயின் விரல்களைப் பிடித்து முடிச்சிட வைத்தான். மடை திறந்தது. ஊர் பிழைத்தது. அவன் வரவில்லை.

மழை ஓய்ந்ததும் அம்மையார் கோயில் வாசலுக்குப் போனார். "காட்டத் தெரிஞ்ச உனக்குத் தடுக்கத் தெரியலையா? உன்னை விட்டா எனக்குப் போக்கிடமும் இல்ல. இனிமே எதையும் எனக்குக் காட்டாதே," என்று சொல்லி அழுதார்.

அடைத்திருந்த கருவறைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. அங்கே நின்ற அர்ச்சகரும் தலைவரும் கேட்டனர்.

"பசிக்குதும்மா."

அம்மையார் கதவைப் பார்த்துக் கேட்டார்: "நீ சாப்பிட்டா எம்புள்ள வருவானா?"

"வரமாட்டான். ஆனா உன்னை அம்மான்னு கூப்பிட ஆள் வேணாமா?"

கதவு தானே திறந்தது. அர்ச்சகரும் தலைவரும் விலகி வழிவிட்டனர். அம்மையார் அழுதபடியே வீட்டுக்குப் போய்ச் சோறாக்கி எடுத்துவந்து, உள்ளே சென்று ஈசனுக்குப் பிசைந்து ஊட்டினார்.

பிறப்பே இல்லாதவனுக்குத் தாயாக வாய்த்தவர் அவர். அதற்கு அவர் கொடுத்ததை நினைத்தால், அம்மையே, உம்மைக் கும்பிட எடுத்த கையும் கூசுகிறது.